பதில்: கோப்பு கெட்டுப்போகவில்லை

சாட்ஸ்வொர்த் நண்பரே, நார்வேயின் பிளாக் மெட்டல் (இருண்ட, கரடுமுரடான மெட்டல் இசை) குழு டார்க்த்ரோனின் 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' ஆல்பத்தைக் காசு கொடுத்து இறக்கியும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குப் போகும் டாக்ஸியில் வெறும் இரைச்சலாகக் கேட்கிறது, பேஸே (கீழ்ச்சுருதியே) இல்லை, கோப்பு கெட்டுவிட்டதா என்கிறீர்கள். கெடவில்லை. 1994இல் வந்தபோதும் அது அப்படித்தான் ஒலித்தது. நான்கே தடங்கள் கொண்ட எளிய ஒலிப்பதிவுக் கருவியில் (நான்கு டிராக்) பதிவானது. கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ் எல்லாம் வாசித்தது குழுவின் ஃபென்ரிஸ் ஒருவரே.

இஞ்சின் உறுமல் கீழ்ச்சுருதியை விழுங்கிவிடும், சீறல்தான் மிஞ்சும். அதை மீற ஒலியைக் கூட்டினால் தலைவலிதான். ஈக்வலைசரை (சுருதிகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) அணைத்துவிட்டு, இரவில், குறைந்த ஒலியில், முழுதாகக் கேளுங்கள். நாற்பது நிமிடம்கூட இல்லை.

டிரம்ஸைப் பின்தொடராதீர்கள், அது பெரும்பாலும் மாறாமல் ஓடும். காவடி ஊர்வலத்தில் மேளம் நெடுநேரம் ஒரே அடியில் போனால், ஒரு கட்டத்தில் அடி காதில் விழாது, உடம்பு மட்டும் அதற்குள் இருக்கும் இல்லையா? அந்த மாதிரி. காது கிட்டாரில் இருக்கட்டும். தந்தியை விடாமல் அதிரவிட்டு எழுப்பும் அந்தச் சின்ன மெட்டு ரொம்பச் சோகமானது. பதிவு பளிச்சென்று இருந்திருந்தால் அந்தக் குளிர் வந்திருக்காது என்பது என் கட்சி.

பிடிக்கவில்லையா? சரி, எம்பரர் குழுவின் 'இன் தி நைட்சைட் எக்லிப்ஸ்' கேளுங்கள், கீபோர்டு கைகொடுக்கும். டெத் மெட்டல் (மெட்டலின் இன்னொரு கனத்த வகை) பக்கம் இன்கான்டேஷன் குழுவின் 'ஆன்வர்ட் டு கோல்கதா', 1992. இது நேர் எதிர், எல்லாம் கீழ்ச்சுருதியில் கிடக்கும். இதற்கு மட்டும் ட்ரெபிளை (மேல்சுருதியை) கொஞ்சம் கூட்டலாம்.