சீகொங்: ஆணுக்கு ஒரு பலன், பெண்ணுக்கு ஒரு பலனா?

கேள்வி: நானும் கணவரும் மூன்று மாதமாகச் சேர்ந்து பாதுவான்ஜின் செய்கிறோம். மெதுவான அசைவும் மூச்சும் சேர்ந்த சீனப் பயிற்சியான சீகொங்கில் எட்டு அசைவுகள் கொண்ட ஒரு வகை அது. எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது. அவரோ ஒன்றுமே தெரியவில்லை என்கிறார். இது பெண்களுக்குத்தான் பலிக்குமா?

பதில்: முதலில், அவர் ஏற்கெனவே நன்றாகத் தூங்குகிறவரா? அப்படியென்றால் தூக்கத்தில் புதிதாக என்ன தெரியப்போகிறது!

அப்புறம், இரண்டு கைகளாலும் வானத்தைத் தாங்குவது போன்ற அந்த முதல் அசைவில் அவரைக் கவனியுங்கள். தோள் காதுவரை ஏறி, தாடை இறுகி, மூச்சு நின்றுபோயிருக்கும். என்னிடம் கற்க வரும் ஆண்களில் பாதிப்பேர் இப்படித்தான், ஏதோ பளு தூக்குவது மாதிரி. மூச்சை அடக்கி இறுக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். மெதுவாக நீட்டி வெளியே விட்டால்தான் இதயத் துடிப்பு தணியும். கையை இறக்கும்போது மூச்சை விடச் சொல்லுங்கள், போதும்.

கேள்வி: ஆனால் ஆய்வுகளிலும் பெண்களுக்கே பலன் அதிகம் என்கிறார்களே?

பதில்: ஆய்வுகளில் சேர்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மார்பகப் புற்றுநோய்க்குப் பிந்தைய சோர்வு, ஃபைப்ரோமயால்ஜியா (உடல் முழுக்க நீடிக்கும் தசை வலி) என்று எடுத்துக்கொள்ளும் நோய்களும் பெண்களிடம் அதிகம் இருப்பவை. பெண்களை வைத்துப் பார்த்தால் பெண்களுக்குப் பலன் என்றுதான் வரும். அதை வைத்து ஆண்களுக்குப் பலன் இல்லை என்று சொல்ல முடியாது.

கேள்வி: கைகளை வயிற்றில் வைக்கும்போது ஆண்களுக்கு இடது கை உள்ளே, பெண்களுக்கு வலது கை உள்ளே என்கிறார் ஆசிரியர். மாற்றி வைத்தால் கெடுதலா?

பதில்: இல்லை. அது யின்-யாங் கணக்கு; பெண்ணை யின், ஆணை யாங் என்று பிரிக்கும் சீன மரபுக் கருத்து. மரபுக்கு மரியாதையாக வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி என்னவோ இருவருக்கும் பொதுதான். சீனாவில் மாவாங்துயியில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையிலிருந்து 1973இல் ஒரு பட்டுத்துணி ஓவியம் எடுத்தார்கள். உடற்பயிற்சி செய்யும் 44 உருவங்கள். ஆண்களும் இருக்கிறார்கள், பெண்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: மாதவிடாய் நாட்களில் செய்யலாமா? பயிற்சி முற்றினால் மாதவிடாயே நின்றுவிடும் என்றும் ஒருவர் சொன்னார்.

பதில்: செய்யலாம். உதிரப்போக்கு அதிகமாக இருந்தால் நெடுநேரம் அசையாமல் நிற்பதை விட்டுவிட்டு உட்கார்ந்து செய்யுங்கள். ரத்தச்சோகை இருந்தால் தலை சுற்றும். மாதவிடாய் நின்றுவிடும் என்று அந்த ஒருவர் சொன்னது, தாவோயிசம் என்ற சீனச் சமயத்தில் பெண்களுக்கான மரபில் வரும் ‘சிவப்பு டிராகனை வெட்டுதல்’. அங்கே அது சாதனை. எனக்கு அதில் உடன்பாடில்லை. இளவயதில் மாதவிடாய் நின்றால் கர்ப்பமா என்று பாருங்கள், இல்லையென்றால் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: எனக்கு 58 வயது. எலும்பு அடர்த்தி குறைவு என்று சொல்லிவிட்டார்கள். சீகொங் போதுமா?

பதில்: போதாது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு வேகமாகக் கரையும். மருந்தையும் எடைப் பயிற்சியையும் மருத்துவர் சொன்னபடி தொடருங்கள். சீகொங் உதவுவது கால் வலுவுக்கும் நிலை தடுமாறாமல் இருப்பதற்கும். விழாமல் இருந்தாலே பாதி எலும்பு முறிவு மிச்சம்.

ஒன்றில் மட்டும் கவனம். பாதுவான்ஜினில் குனிந்து பாதத்தைப் பிடிக்கும் ஆறாவது அசைவு இருக்கிறதே, அதில் முதுகை வில்லாக வளைக்காதீர்கள். பலவீனமான முதுகெலும்பு அதில் நசுங்கலாம். முதுகு நேராக, இடுப்பிலிருந்து மடங்கி, கை முழங்காலைத் தொட்டதும் நிறுத்திக்கொள்ளுங்கள். எலும்பு அடர்த்தி குறைந்த ஆண்களுக்கும் இதே விதிதான்.