மக்லக்குக்கு எந்த அடி தாங்கும்?

கேள்வி: அக்கா, போன குளிர்காலம் முயல் ரோமத் தோலில் எனக்கென்று ஒரு சோடி மக்லக் (ஆர்க்டிக் மக்களின் மென்தோல் பூட்ஸ்) தைத்தேன். மேல்பாகம் இன்னும் புதுசு போல இருக்கிறது. அடிப்பாகத்துக்குப் போட்ட மூஸ் (வடநாட்டுப் பெரிய மான்) தோல்தான் இரண்டே மாதத்தில் குதிக்காலிலும் பெருவிரலுக்குக் கீழேயும் ஓட்டையாகிவிட்டது. வேலைக்கு நடந்து போகிறேன். பாதி வழி பனி, பாதி வழி சரளை தூவிய நடைபாதை. ரப்பர் வாங்கி ஒட்டினால் போதுமா?
— ஒரு வாசகி, எல்லோநைஃப், வட கனடா

பதில்: தங்கச்சி, உங்கள் தையலில் பிழை இல்லை. புகையூட்டிய மூஸ் தோல் காய்ந்த பனிக்கென்றே உள்ள அடி. மைனஸ் 20, 30இல் பனி மணல் போலக் கிடக்கும்போது அதில் தோல் தேய வழியில்லை, வேர்வையும் தோல் வழியே வெளியேறிவிடும். ஈரத்துக்கு வேறு தோல். ஆர்க்டிக் பழங்குடிகளான இனுயிட், யூபிக் பெண்கள் தாடி சீல் என்ற கடல்விலங்கின் தடித்த தோலை விரல் பக்கமும் குதிக்கால் பக்கமும் பல்லால் கடித்துக் கடித்துச் சுருக்கெடுத்து, காரிபு மானின் தசைநாரால் தைப்பார்கள். நனைந்ததும் நார் ஊதி ஊசித் துளையை அடைத்துவிடும். மக்லக் என்ற பெயரே அந்தச் சீலின் யூபிக் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் இந்த இரண்டு தோலும் சரளைக்கு ஆனவை அல்ல.

ஆகவே உங்களுக்கு ரப்பர் வேண்டும். மூஸ் தோலில் மட்டும் நேரே ஒட்டிவிடாதீர்கள். என் முதல் சோடியில் நான் அப்படித்தான் செய்தேன். மூன்றாம் கிழமை நடுத் தெருவில் நுனி பிரிந்து, வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் பட் பட்டென்று அடித்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பசை ரப்பரில் அப்படியே இருக்கிறது, அதன் மேல் தோலின் பஞ்சு மெல்லிய படலமாக ஒட்டியிருக்கிறது. பசை விடவில்லை, தோல்தான் உரிந்திருக்கிறது. எனக்குத் தையல் பழக்கிய டெனே பழங்குடி அம்மா அதை வாங்கிப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, “நடுவிலே ஒன்று வேண்டும்” என்றார்.

அந்த நடுத்தோல்தான் முழு விஷயமும். மரப்பட்டை போட்டுப் பதனிட்ட மாட்டுத்தோல், 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிப்பில் எடுங்கள். ஃபெல்ட் (அமுக்கிய கம்பளி) உள்ளுறையும் தடித்த காலுறையும் போட்டு, எழுந்து நின்று பாதத்தை வரையுங்கள். உட்கார்ந்து வரைந்தால் அளவு சிறுத்துவிடும். ஓட்டையான அடியை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். புது மூஸ் தோலைச் சுருக்கெடுக்கும் முன், மேசையில் தட்டையாகக் கிடக்கும்போதே நடுத்தோலை அதன் வெளிப்பக்கம் வைத்துத் தைத்துவிடுங்கள். ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டர் உள்ளே ஒரு பள்ளம் கீறி, குத்தூசியால் துளையிட்டு, மெழுகு நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரும் புதிருமாக இழுங்கள். ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். நூல் பள்ளத்துக்குள் படிந்துவிடுவதால் ரப்பரும் மேடில்லாமல் உட்காரும்.

அப்புறம் ரப்பர். மலிவான பிவிசி வேண்டாம், இந்தக் குளிரில் பலகை மாதிரி விறைத்துப்போகும். காலணி அடிக்கென்று விற்கும் இயற்கை ரப்பர் தாள் நல்லது. மாட்டுத்தோல், ரப்பர் இரண்டையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரண்டிலும் கான்டாக்ட் சிமெண்ட் என்ற பசையைப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அமுக்கிச் சுத்தியலால் தட்டுங்கள். சூடான அறையில் ஒரு நாள் விட்டுவிடுங்கள். நாளைக்கு ரப்பர் தேய்ந்தால், சூடு காட்டி அதை மட்டும் உரித்து வேறு ஒட்டலாம்.

நான் இவ்வளவு வற்புறுத்துவது உங்கள் முயல் தோலுக்காக. அது காகிதம் மாதிரி. ஒவ்வொரு குளிர்காலமும் பிரித்துப் பிரித்துத் தைத்தால் பழைய துளை வழியே கிழிந்துகொண்டு போகும். இந்த முறை பிரிக்கும்போதே மூஸ் தோலுக்கும் முயல் தோலுக்கும் நடுவில் ஒரு விரல் அகலத் தோல் பட்டியைக் கொடுத்துத் தையுங்கள்; அடுத்த முறை மூஸ் தோலையும் பட்டியையும் சேர்த்த தையலை மட்டும் பிரித்தால் போதும். ரோமம் தையலுக்குள் சிக்காமல் சீப்பால் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ரப்பர் போட்டபின் வேர்வை கீழ்ப்பக்கமாகப் போகாது. வேலையிடத்துக்குப் போனதும் ஃபெல்ட்டை வெளியே எடுத்துக் காயவிடுங்கள், இரவிலும் அப்படியே. ஹீட்டர் மேல் மட்டும் வைக்காதீர்கள், தோல் வறண்டு வெடித்துவிடும்.