பால்கனியா, ஜன்னலா? கரையில் இறங்கினால் யாரோடு போவது?

கேள்வி: எங்கள் பத்தாவது திருமண நாளுக்கு ஜூலையில் மயாமியிலிருந்து 7 இரவு கரீபியன் கப்பல் பயணம் போகலாம் என்றிருக்கிறோம். ஜமைக்காவின் ஒச்சோ ரியோஸ், கேமன் தீவுகளின் கிராண்ட் கேமன், மெக்சிகோவின் கோசுமெல் மூன்றிலும் நிற்கும். மூன்று நாள் முழுக்கக் கடல்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து உள் அறை 1,480 டாலர், ஜன்னல் அறை 1,720, பால்கனி 2,260. ‘கேரண்டி’ பால்கனி என்று ஒன்று 2,050க்குத் தருகிறார்கள். கணவருக்கு எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் பால்கனி வேண்டும். எனக்கோ ஏற்காடு மலை ஏறினாலே வயிற்றைப் புரட்டும். எதை எடுப்பது? (ஆஸ்டினிலிருந்து ஒரு வாசகி)

பதில்: நீங்கள் நான்கு விலைகளை எழுதியிருக்கிறீர்கள், ஒரு அறை எண்ணைக்கூட எழுதவில்லை. கப்பலில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு இது சட்டென்று புரியும். அதே பள்ளம்தான், நடு சீட்டில் இருப்பவர் லேசாக அசைவார், கடைசி சீட்டில் இருப்பவர் தலை கூரையில் இடிக்கும். கப்பலும் அப்படித்தான். மூக்கும் வாலும் ஏறி இறங்கும், நடுப்பகுதி அதிகம் அசையாது. பக்கவாட்டு ஆட்டம் உயரம் போகப் போகக் கூடும். ஆக உங்கள் கணவர் கேட்கும் மேல் தளம், உங்கள் வயிற்றுக்கு ஏற்காட்டின் கடைசி கொண்டை ஊசி வளைவு. உங்களுக்கு வேண்டியது நடுப்பகுதி, அதுவும் கீழ்த் தளங்களில் ஒன்று.

‘கேரண்டி’ என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவர்கள் உறுதி தருவது அறையின் வகைக்கு மட்டும். எந்த இடம் என்பதைக் கடைசியில் அவர்களே முடிவு செய்வார்கள். எங்கே போட்டாலும் தூங்குவேன் என்பவருக்கு அது நல்ல பேரம். உங்களுக்கு இல்லை. 210 டாலர் மிச்சம் பிடித்து மூக்கு முனையில் ஒரு வாரம் படுத்துக் கிடப்பதா?

இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துக் கற்றேன். முதல் பயணத்தில் நடுப்பகுதி, லிப்டுக்குப் பக்கம், விலையும் குறைவு என்று பெருமையாக ஒரு அறையை எடுத்தேன். தலைக்கு மேலே நீச்சல் குளத் தளம் என்பதைப் பார்க்கவில்லை. விடிகாலை 5 மணிக்கு ஊழியர்கள் சாய்வு நாற்காலிகளை இழுத்து வரிசைப்படுத்துவார்கள். மாடி வீட்டில் யாரோ ஆட்டுக்கல்லை உருட்டுவதுபோல இருக்கும், ஏழு நாளும். அன்றிலிருந்து தள வரைபடத்தைத் திறந்தால் என் அறையைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் மேல் தளத்தையும் கீழ்த் தளத்தையும்தான் பார்க்கிறேன். இரண்டிலும் அறைகளே இருந்தால் நிம்மதி. குளமோ, நாடக அரங்கமோ, நடனக் கூடமோ இருந்தால் வேறு எண். வரைபடத்தில் ஒன்றும் எழுதாமல் வெள்ளையாக விட்ட இடம் சமையற்கட்டாகவோ ஊழியர் வழியாகவோ இருக்கலாம், அதையும் தவிருங்கள். இரண்டு அறைகளுக்கு நடுவில் சின்னக் குறி இருந்தால் உள்கதவு என்று பொருள். பக்கத்து அறைக் குழந்தையின் அழுகை அப்படியே கேட்கும். லிப்டுக்கு நேர் எதிரே வேண்டாம், ஏழெட்டுக் கதவு தள்ளிப் போதும்.

இனி பால்கனி விஷயம். உள் அறைக்கும் பால்கனிக்கும் 780 டாலர் வித்தியாசம். ஒரு இரவுக்கு 111 என்றால் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் கரையில் இறங்கும் நாட்களில் பால்கனியில் யார் உட்காரப் போகிறார்கள்? மூன்று கடல் நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 260. ஜூலை மாத மதியத்தில் கரீபியன் புழுக்கம் நம் சென்னைப் புழுக்கத்துக்குச் சளைத்ததல்ல. காலையில் ஒரு காபி, இருட்டிய பின் ஒரு மணி நேரம், அவ்வளவுதான் பால்கனியின் உண்மையான பயன். ஆனால் அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, தண்ணீரைக் கிழிக்கும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்காது. பத்தாவது கல்யாண நாளுக்கு அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதனால் என் முடிவு இது: நடுப்பகுதியில், பால்கனி அறைகள் தொடங்கும் தளத்திலோ அதற்கு அடுத்ததிலோ எண் கிடைத்தால் 2,260 கொடுத்து எடுங்கள். கீழே பார்த்தால் உயிர்காக்கும் படகு மறைக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கார்னிவல் நிறுவனத்தின் சில கப்பல்களில் நீர்மட்டத்துக்கு அருகிலேயே ‘கோவ்’ பால்கனி உண்டு; உங்களைப் போன்றவர்களுக்கென்றே செய்ததுபோல இருக்கும். நடுவில் கிடைக்காமல் முனையிலும் உச்சியிலும்தான் பால்கனி மிச்சம் என்றால், யோசிக்காமல் ஜன்னல் அறைக்கு இறங்கிவிடுங்கள். உள் அறை உங்களுக்கு வேண்டாம். தலை சுற்றும்போது அடிவானம் கண்ணில் பட்டால் கொஞ்சம் அடங்கும், உள் அறையில் அதற்கு வழியில்லை.

ஒரு எச்சரிக்கை. ராயல் கரீபியனின் ‘ஒயேசிஸ்’ வகைப் பெரிய கப்பல்களில் சில பால்கனிகள் கடலைப் பார்க்காது, கப்பலுக்கு நடுவே இருக்கும் பூங்காவைப் பார்க்கும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் கடல் என்று நினைத்துப் பணம் கட்டியவர் திரையை விலக்கும்போது எதிர் அறைக்காரர் கையசைப்பார். அறையின் பெயரில் ‘கடல் காட்சி’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் கணக்கில் டிப்ஸை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான கப்பல்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை தானாகவே பில்லில் ஏறும். உங்கள் இருவருக்கும் ஒரு வாரத்துக்கு 250 டாலர் பக்கம் வரும்.

கேள்வி: அதே பயணத்தில் கரைச் சுற்றுலாவையும் சொல்லுங்கள். கோசுமெலில் பழைய மாயா இனத்தவரின் துலும் கோட்டை, கேமனில் திருக்கை மீன்கள், ஜமைக்காவில் டன்ஸ் ரிவர் அருவி என்று பட்டியல் போட்டிருக்கிறோம். கப்பல்காரர்கள் சொல்லும் விலையில் பாதிக்கு வெளியே கிடைக்கிறது. வெளியே எடுக்கலாமா? (அதே வாசகி)

பதில்: கப்பல் மூலம் போனால் கூடுதலாகக் கொடுக்கும் காசு ஒரே ஒரு காரியத்துக்கு: உங்கள் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் அடுத்த துறைமுகத்தில் உங்களைச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. வெளியே எடுத்துத் தாமதமானால் கப்பல் போய்விடும், அடுத்த ஊருக்கு விமானச் செலவு உங்களுடையது. ஆகவே கப்பலிலிருந்து தூரம் எவ்வளவு, நடுவில் எது சிக்கக்கூடும் என்று பார்த்து இடத்துக்கு இடம் முடிவெடுக்க வேண்டும்.

துலுமைப் பாருங்கள். கோசுமெல் ஒரு தீவு. துலும் இருப்பது மெக்சிகோவின் பெருநிலத்தில். முதலில் பிளாயா டெல் கார்மெனுக்குச் சுமார் முக்கால் மணி நேரப் படகு, பிறகு பஸ், திரும்பவும் அதே வழி. அந்தப் படகு காற்றடித்தால் துள்ளும். உங்கள் வயிற்றை வைத்துக்கொண்டு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். போயே தீருவேன் என்றால் கப்பல் மூலம் மட்டும் போங்கள். மாயா இடிபாடு ஒன்றைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதானே? கோசுமெல் தீவுக்குள்ளேயே சான் கெர்வாசியோ இருக்கிறது. இஷ்செல் என்ற தாய்த் தெய்வத்தை வேண்டிப் பெண்கள் கடல் கடந்து வந்த இடம். துலும் போலக் கடலோரக் காட்சி இருக்காது, சிறியது. ஆனால் டாக்சியில் போய்ப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் கடற்கரைக்கு வந்துவிடலாம்.

கோசுமெலில் கடிகாரம்தான் பெரிய ஆபத்து. கோசுமெல் இருக்கும் கின்டானா ரூ மாநிலம் 2015 முதல் ஆண்டு முழுக்க ஒரே நேரத்தில் ஓடுகிறது; கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னுக்குத் தள்ளும் அமெரிக்க வழக்கம் அங்கே இல்லை. ஜூலையில் மயாமி ஒரு மணி நேரம் முன்னால். கப்பல் மயாமி நேரத்தையே வைத்துக்கொண்டால், கரையில் உங்கள் போன் உள்ளூர் கோபுரத்தைப் பிடித்துத் தானாக ஒரு மணி பின்னுக்குப் போய்விடும். 4.30க்குள் ஏற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், போனில் மணி 4 என்று நிதானமாக ஐஸ்கிரீம் சாப்பிடுகிறீர்கள். கப்பலில் மணி 5. ஜமைக்காவிலும் கேமனிலும் இதே கதை. ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

கிராண்ட் கேமனில் பெரிய கப்பல்கள் கரையைத் தொடுவதில்லை. நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில் இறக்குவார்கள். கப்பல் சுற்றுலா எடுத்தவர்களுக்குப் பொதுவாக முதலிடம், மற்றவர்கள் வரிசையில். கடல் கொந்தளித்தால் அந்த ஊரையே விட்டுவிட்டுப் போவதும் உண்டு. ஆனாலும் இங்கே வெளியே எடுப்பதையே நான் சொல்வேன். திருக்கை மீன்களைப் பார்க்கும் மணல் திட்டு தொலைவில்லை, படகோட்டிகளுக்குக் கப்பல் நேரம் அத்துப்படி, சின்னப் படகில் கூட்டமும் குறைவு. ‘கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் திரும்பும்’ என்பதை எழுத்தில் வாங்குங்கள். முதல் படகு மணியைக் குறித்துவிட்டு அதிலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளிப் புக் செய்யுங்கள். அந்தத் திட்டில் தண்ணீர் இடுப்பளவுதான், நின்றுகொண்டே பார்க்கலாம். முன்பு மீனவர்கள் அங்கே நிறுத்தி மீனைச் சுத்தம் செய்து கழிவைப் போடுவார்களாம். அந்த ருசிக்கு வந்து பழகிய கூட்டம்தான் இன்றும் வருகிறது. காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடக்கச் சொல்வார்கள், அதைக் கேளுங்கள். வாலில் முள் இருக்கிறது.

ஒச்சோ ரியோஸில் அருவி துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே, சில மைல்தான். கப்பல் மூலம் போக அவசியமே இல்லை. சிவப்பு நம்பர் பிளேட் போட்ட டாக்சியாகப் பார்த்து ஏறுங்கள், அதுதான் உரிமம் பெற்றது. ஏறும் முன்பே போகவர எவ்வளவு என்று பேசிவிடுங்கள். அருவி சுமார் 600 அடி, படி படியாகப் பாறை. ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சங்கிலி போல ஏறுவார்கள். ரப்பர் அடி வைத்த தண்ணீர்ச் செருப்பு வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்குப் பக்கத்தில் படிக்கட்டு உண்டு. சைவம் என்றால் ‘மதிய உணவு உட்பட’ என்ற சுற்றுலாவுக்குக் காசு கொடுக்காதீர்கள், பெரும்பாலும் கோழிதான். வெளியே ராஸ்தஃபாரி என்ற ஜமைக்கா சமயத்தாரின் ‘ஐட்டல்’ சாப்பாடு எங்கே என்று விசாரியுங்கள். இறைச்சி இருக்காது, தேங்காய்ப்பால் மணக்கும்.

ஜூலை புயல் பருவத்துக்குள் வருகிறது, ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் ஆகஸ்ட் நடுவில்தான் தொடங்கும் என்றாலும் 2024 ஜூலை தொடக்கத்திலேயே பெரில் புயல் ஜமைக்காவையும் கேமனையும் தாக்கி, கப்பல்கள் பாதையை மாற்றின. அப்படி ஊரை மாற்றினால் டிக்கெட் பணம் திரும்பாது, அந்தத் துறைமுக வரி மட்டும் வரும். பயணக் காப்பீட்டை முன்பணம் கட்டியதும் எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்கு அது செல்லாது.

கேள்வி: அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்ப் காலாவதி, ஆனால் ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கும் தங்குவதற்குமான பதிவு) செல்லும். கப்பலில் போய் அதே ஊருக்குத்தானே திரும்புகிறேன், பிரச்சினை வருமா?

பதில்: வரும். காலாவதியான ஸ்டாம்ப்போடு திரும்பலாம் என்ற சலுகை எச்-1பிக்காரர்களுக்கு 30 நாளுக்கு உட்பட்ட கனடா, மெக்சிகோ பயணங்களுக்கு மட்டும். கப்பல் ஜமைக்காவையோ கேமனையோ தொட்டால் அதில் சேராது. புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பினாலும் நீங்கள் நாட்டைவிட்டு வெளியே போய் வந்தவர்தான். புக் செய்யும் முன் உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஒவ்வொரு ஊரும் என்ன கேட்கிறது என்பதையும் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். காகிதம் சரியில்லை என்று ஏற்ற மறுத்தால் பணம் திரும்பாது.

கேள்வி: உள் அறை எடுத்தோம். இப்போது ‘ஏலம் கேட்டு பால்கனிக்கு மாறுங்கள்’ என்று மின்னஞ்சல் வருகிறது. 100 டாலர் போட்டுப் பார்க்கவா?

பதில்: அந்த 100 பெரும்பாலும் ஆளுக்கு. இருவர் என்றால் 200. ஜெயித்தால் உடனே கார்டில் எடுத்துக்கொள்வார்கள், பின்வாங்க முடியாது. புது அறை எங்கே என்று நீங்கள் சொல்லவும் முடியாது. நடுவில் பார்த்துப் பார்த்து எடுத்த உள் அறை போய், மூக்கில் பால்கனி வரலாம். ஆட்டம் தாங்குகிற உடம்பு என்றால் போடுங்கள். கடைசித் தவணை கட்டும் தேதிக்கு முன்பு விலை இறங்குகிறதா என்று வாரம் ஒருமுறை பார்ப்பது இதைவிடப் பலன் தரும். இறங்கியிருந்தால் கேளுங்கள், பல நிறுவனங்கள் புது விலைக்கு மாற்றித் தரும்.

கேள்வி: கப்பலில் ஒரு வாரம் சோறு இல்லாமல் இருக்க முடியாது. சின்ன மின்சார ரைஸ் குக்கர் எடுத்துப் போகலாமா?

பதில்: கூடாது. குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எல்லாம் தீ ஆபத்து என்று ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போது தருவார்கள். சோறு பஃபேயில் தினமும் இருக்கும். பெரிய கப்பல்களின் சாப்பாட்டுக் கூடத்தில் இந்தியப் பரிமாறுபவர்கள் நிறையப் பேர்; முதல் நாள் இரவே போய்த் தலைமைப் பரிமாறுபவரிடம் சைவம், காரம் என்று சொல்லிவைத்தால் மறுநாளிலிருந்து பருப்பும் காய்கறியும் தனியாக வரும். சீல் உடைக்காத ஊறுகாய் பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதை யாரும் தொடுவதில்லை.