காலாவதியே ஆகாத மென்பொருளுக்கு உரிமக் கட்டணமா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன், ஐயா. என் மகன் ஏழாம் வகுப்பு. கோயில் தமிழ் வகுப்பின் ஆண்டு விழாவுக்காக ஸ்கிராட்ச் மென்பொருளில் தமிழ் வினாடி வினா ஒன்று செய்திருந்தான். வீட்டு மேசைக் கணினியில் சேமித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. இப்போது கோப்பைத் திறந்தால் பிழைச் செய்திதான் வருகிறது. கணினிக் கடைக்காரர், உரிமம் காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்க 950 ரேண்ட், கோப்பை மீட்க 1,200 ரேண்ட், கணினியையும் ஃபார்மட் செய்ய வேண்டும் என்கிறார். அதற்கு முன்பே வினாடி வினாவில் கோளாறு இருந்தது. 'தமிழ்' என்ற சொல்லில் ஐந்து எழுத்து என்று சொல்லும். ஔவையார் என்று நான் எழுதினால் தவறு என்னும். அதற்குத் தமிழ் எழுத்துரு மென்பொருள் 600 ரேண்டாம். விழாவுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அம்மா, கணினி இன்னும் கடையில் இருந்தால் இன்றைக்கே போய் எடுத்து வந்துவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு. ஃபார்மட் என்றால் வட்டில் இருப்பதை வழித்துத் துடைப்பது. கோப்பை மீட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு அதே வாயால் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று சொல்பவருக்குத் தொழில் தெரியாது, அல்லது மிக நன்றாகத் தெரியும்.

ஸ்கிராட்ச் இலவசம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேப் 2007-இல் குழந்தைகள் நிரலாக்கம் கற்பதற்காக வெளியிட்டது. இப்போது ஸ்கிராட்ச் அறக்கட்டளை நடத்துகிறது. வீட்டுக்கும் பள்ளிக்கும் ஒரே விலை, அதாவது விலையே இல்லை. உரிமம் வாங்குவதும் இல்லை, புதுப்பிப்பதும் இல்லை, காலாவதியும் இல்லை. இந்தக் காலாவதிக் கதை எங்கிருந்து வந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. பழைய ஸ்கிராட்ச் 2 பிளாஷ் என்ற தொழில்நுட்பத்தை நம்பி இருந்தது. அந்த பிளாஷை அடோபி நிறுவனம் 2020 முடிவில் கைவிட்டது. ஆனால் அதற்கு முன்பே, 2019 ஜனவரியில், பிளாஷ் தேவைப்படாத ஸ்கிராட்ச் 3 வந்துவிட்டது. செத்துப்போன பிளாஷின் பெயரைச் சொல்லி இன்னும் சிலர் திவசம் வசூலிக்கிறார்கள்.

இறக்குவதானால் ஸ்கிராட்ச் டாட் எம்ஐடி டாட் எடு (scratch.mit.edu) என்ற முகவரியிலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடுபொறியில் ஸ்கிராட்ச் என்று தட்டி, மேலே விளம்பரமாக வரும் முதல் இணைப்பை அழுத்தாதீர்கள். இலவச மென்பொருளோடு வேண்டாத நான்கைந்தைச் சேர்த்துக் கட்டிக்கொடுக்கும் தளங்கள் அங்கேதான் காத்திருக்கின்றன. மகனின் கணக்குக் கடவுச்சொல்லைக் கடையில் எழுதிக் கொடுத்திருந்தால் இன்றிரவே மாற்றிவிடுங்கள். கடைக்காரர் வேலையைத் தொடங்கிவிட்டேன், பணம் கொடுத்தால்தான் கணினி என்று மிரட்டினால், நம் தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். பழுது பார்க்குமுன் மதிப்பீடு தந்து உங்கள் சம்மதம் பெறாமல் செய்த வேலைக்கு அவர் கட்டணம் கேட்க முடியாது. பிரிவின் எண்ணைச் சொன்னாலே பெரும்பாலும் குரல் இறங்கிவிடும்.

இனி கோப்பு. தொலைந்துபோனது என்று என்னிடம் வரும் ஸ்கிராட்ச் கோப்புகளில் பெரும்பாலானவை தொலைவதில்லை. வேறொரு பெயரில் பக்கத்திலேயே கிடக்கின்றன. உலாவியில் ஸ்கிராட்ச் செய்கிற பிள்ளை ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கணினி பழைய கோப்பின் மேல் எழுதுவதில்லை. அதே பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று எண் போட்டு, டவுன்லோட்ஸ் கோப்புறையில் புதிதாக ஒன்றை வைக்கிறது. பிள்ளை கடைசியாகச் சேமித்த கோப்பு மட்டும்தான் கெட்டிருக்கும். அதற்கு அரை மணி முன்பு சேமித்தது நன்றாகவே இருக்கலாம். டவுன்லோட்ஸைத் திறந்து, தேடல் கட்டத்தில் கோப்பு வகையான எஸ்பி3 (sb3) என்று ஆங்கில எழுத்தில் தட்டி, தேதி வாரியாக அடுக்குங்கள். குப்பைத் தொட்டியையும் பாருங்கள். மகன் நண்பனுக்கோ தமிழ் ஆசிரியைக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அந்தப் பிரதி முழுசாக இருக்கும். இணையக் கணக்கில் உள்நுழைந்து செய்திருந்தால் அது தானாகவே சேமித்துக்கொண்டு வந்திருக்கும், அந்தக் கணக்கின் மை ஸ்டஃப் பக்கத்தில் பார்த்தால் போதும்.

இன்னொன்று: எஸ்பி3 கோப்பை இரட்டைச் சொடுக்கினால் திறக்கவில்லை என்று பதறுபவர்கள் உண்டு. கணினியில் ஸ்கிராட்ச் செயலி நிறுவப்படாமல், உலாவியில் மட்டும் பயன்படுத்தினால் அது திறக்காது. முதலில் ஸ்கிராட்சைத் திறந்து, ஃபைல் பட்டியலில் கணினியிலிருந்து ஏற்றும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். இதற்கும் கடையில் பணம் கேட்பதாகக் கேள்வி.

இவ்வளவும் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை, உண்மையிலேயே அந்த ஒரே கோப்புதான், அது பாதி எழுதும்போது மின்சாரம் போனது என்றால் நிலைமை கொஞ்சம் வேறு. இதைப் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் கடைக்காரர் 1,200 ரேண்டுக்குச் செய்யக்கூடியதும் இதுதான். எஸ்பி3 என்பது ஒரே பொருள் அல்ல, பல துண்டுகளைப் போட்டு இறுக்கிய சுருக்குப் பை. உள்ளே பிள்ளை கட்டிய கட்டளைகள், கேள்விகள், பதில்கள் எல்லாம் புராஜெக்ட் டாட் ஜேசன் என்ற ஒரே எழுத்துக் கோப்பில் இருக்கும். படங்களும் ஒலிகளும் தனித்தனியாக இருக்கும்.

கெட்ட கோப்பைத் தொடாதீர்கள். முதலில் ஒரு பிரதி எடுங்கள், இனி எல்லா வேலையும் பிரதியில்தான். பிரதியை நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் இரண்டு எழுத்து ஆங்கிலத்தில் பி, கே என்று இருந்தால் கோப்பில் உயிர் இருக்கிறது. அதற்குப் பின்னால் வரும் கிறுக்கல்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது அப்படித்தான் இருக்கும். முழுக்க வெற்றிடமாக இருந்தாலோ, கோப்பின் அளவு பூஜ்யம் என்றாலோ அதை விட்டுவிடுங்கள். கடைக்காரருக்கும் அதில் எடுக்க எதுவும் இல்லை, எடுப்பதாக நடிக்க மட்டும் முடியும்.

பி, கே இருந்தால், நோட்பேடில் எதையும் சேமிக்காமல் மூடிவிட்டு, பிரதியின் பெயர் முடிவில் உள்ள எஸ்பி3-ஐ அழித்து ஜிப் என்று மாற்றுங்கள். கோப்புப் பெயரின் கடைசிப் பகுதி தெரியவில்லையென்றால் கோப்புறையின் வியூ பட்டியலில் அதைக் காட்டச் சொல்லும் வழி இருக்கிறது. விண்டோஸ் திறக்க மறுக்கும். ஏனென்றால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் கோப்பின் கடைசியில்தான் எழுதப்படும், உங்கள் கோப்புக்கு அந்தக் கடைசி வந்து சேரவில்லை. இங்கேதான் செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருள் உதவும். பட்டியல் இல்லாவிட்டாலும் முன்னாலிருந்து படித்துக்கொண்டே வந்து, எது வரை முழுசாக இருக்கிறதோ அதுவரை எடுத்துத் தரும். எச்சரிக்கை ஒன்று காட்டும், காட்டட்டும். ஸ்கிராட்ச் சேமிக்கும்போது புராஜெக்ட் டாட் ஜேசனைத்தான் முதலில் எழுதுகிறது, படங்களும் ஒலிகளும் அதற்குப் பிறகு. ஆகவே வால் அறுந்த கோப்பிலும் பிள்ளையின் உழைப்பு பெரும்பாலும் தப்பியிருக்கும்.

அந்த ஜேசனை நோட்பேடில் திறந்தால், மகன் எழுதிய தமிழ்க் கேள்விகள் தமிழிலேயே தெரியும். அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு புதிதாகக் கட்டச் சொல்லுங்கள். கிடைத்த துண்டுகளை மறுபடி ஜிப்பாகக் கட்டி எஸ்பி3 என்று பெயர் மாற்றிப் பார்ப்பதும் உண்டு. அப்படிச் செய்தால் கோப்புறையைக் கட்டக் கூடாது, உள்ளே இருக்கும் கோப்புகளை மட்டும் தெரிவு செய்து கட்ட வேண்டும். இதைத் தவறவிட்டுத்தான் பலரும் வரவில்லை என்கிறார்கள். ஆனால் படங்கள் பாதி இல்லாதபோது அது சரியாக ஏறும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஏழாம் வகுப்புப் பையன் தானே செய்ததை இரண்டாம் முறை செய்யும்போது பாதி நேரத்தில் முடித்துவிடுவான், முதல் முறையைவிட நன்றாகவும் இருக்கும்.

தமிழ் எழுத்துச் சிக்கலுக்கு வருவோம். எழுத்துரு மென்பொருள் எதுவும் வேண்டாம். விண்டோஸ் 10-இலேயே தமிழ் எழுத்துருவும் உண்டு, ஆங்கில ஒலியைத் தட்டித் தமிழ் எழுதும் விசைப்பலகையும் உண்டு, மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் வந்துவிடும். எழுத்து திரையில் ஒழுங்காகத் தெரிகிறது என்றால், எழுத்துரு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை மறுபடி 600 ரேண்டுக்கு விற்பது என்ன வியாபாரம் என்று நீங்களே பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து என்று வருவது ஸ்கிராட்சின் கணக்கு. நமக்கு 'தமிழ்' மூன்று எழுத்து: த, மி, ழ். கணினியோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஒவ்வொன்றையும் தனிக் குறியாக வைத்திருக்கிறது. நீளத்தைச் சொல்லும் பிளாக், அதாவது ஸ்கிராட்சின் கட்டளைத் துண்டு, அந்தக் குறிகளைத்தான் எண்ணும். மூன்றாம் எழுத்தைக் காட்டு என்று சொன்னால் இகரக் குறி மட்டும் தனியாக ஒரு புள்ளி வட்டத்தோடு வந்து நிற்கும். மகனிடம் சொல்லுங்கள்: அந்த நீள பிளாக்கைத் தூக்கிவிட்டு, ஒரு பட்டியல் உருவாக்கி, வரிசைக்கு ஒரு எழுத்தாக த, மி, ழ் என்று தனித்தனியே போட்டு, பட்டியலின் நீளத்தைக் கேட்கட்டும். மூன்று வரும். எழுத்துக் கணக்குக்காக ஸ்கிராட்சோடு போர் நடத்த வேண்டாம்.

ஔவையார் விஷயத்தில் குற்றம் உங்கள் விரலிலோ அவன் விரலிலோ இருக்கிறது. ஔ என்பது ஒரே எழுத்து. பலர் ஒ தட்டி அதன் பக்கத்தில் ள தட்டி 'ஒளவையார்' என்று எழுதிவிடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்று போல இருக்கும், கணினிக்கு இரண்டு வேறு சொற்கள். கொ, கோ போன்றவற்றிலும் சில விசைப்பலகைகள் கொம்பையும் காலையும் ஒரே குறியாக அனுப்பும், சில தனித்தனியாக அனுப்பும். அதிலும் இதே வம்புதான். பார்வையாளர்களைத் தட்டச்சு செய்ய வைக்காமல், நான்கு பதில்களைத் திரையில் வைத்து ஒன்றைச் சொடுக்கச் சொல்வது நல்லது. விழாவில் வயதானவர்களும் விளையாட வருவார்கள், அவர்களுக்கும் அதுதான் வசதி.

இவ்வளவையும் ஒரு தாய் தனியாகத் தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு எரிச்சல். கோடிங், ரோபாட்டிக்ஸ் பாடத்துக்கான வரைவைக் கல்வித் துறை 2021-இல் வெளியிட்டது. நல்லது. பல பள்ளிகளில் கணினி அறை பூட்டிக் கிடக்கிறது, நிர்வாகிக் கடவுச்சொல் எப்போதோ வேலை விட்டுப்போன ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறது. பிள்ளைக்குப் பிழைச் செய்தி வந்தால் கேட்க ஆளில்லை. அந்தக் காலி இடத்தில்தான் இந்தக் கடைக்காரர்கள் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். கணினியே இல்லாத பிள்ளைகளுக்காக நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகத்தில் உருவான டேங்க்ஸ் என்ற விளையாட்டு, காகிதத் துண்டுகளை அடுக்கிப் போனில் படம் எடுத்தே நிரலாக்கத்தைக் கற்பிக்கிறது. அதைப் பற்றிக் கேள்விப்பட்ட ஆசிரியர்களையாவது பள்ளிகளுக்கு அனுப்பியிருக்கலாம்.

விழாவுக்கு முந்தைய நாள் மண்டபத்துக் கணினியில் போட்டுப் பாருங்கள். அதில் பழைய ஸ்கிராட்ச் 2 இருந்தால் எஸ்பி3 கோப்பு திறக்கவே திறக்காது, திறக்காததற்குக் கோப்பின் மேல் பழி போடாதீர்கள். விண்டோஸ் 10-க்குக் கீழே இருந்தால் இன்றைய செயலியும் ஏறாது. ஸ்கிராட்ச் ஏற்கெனவே நிறுவிய, பேட்டரி நிற்கும் லேப்டாப் ஒன்றை யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொண்டு போவது உத்தமம். டர்பனில் 2023-இன் லோட்ஷெடிங் மின்வெட்டுக் கொடுமை தணிந்துவிட்டாலும், கேபிள் திருட்டு எந்த மாலையிலும் மண்டபத்தை இருட்டாக்கலாம்.

கடைசியாக ஒன்று. மகன் கேள்விகளைக் கணினியே வாசிக்கட்டும் என்று பேச்சு நீட்டிப்பைச் சேர்த்திருந்தால், எடுத்துவிடச் சொல்லுங்கள். அதன் மொழிகளில் தமிழ் இல்லை, இணையம் இல்லாத மண்டபத்தில் ஆங்கிலம்கூடப் பேசாது. ஒலிப்பதிவுப் பகுதியில் உங்கள் குரலிலேயே கேள்விகளைப் பதிவு செய்துவிடுங்கள். மைக்குக்கு அனுமதி கேட்டு ஒரு கட்டம் வரும், அதில் சம்மதம் என்று அழுத்தினால் போதும்.