கஸ்டம்ஸ்ல கிழிஞ்ச படங்கள்

கே: யுத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டுப் போன ஒரு சர்ரியலிஸ்ட் (கனவுல வர்ற மாதிரி விசித்திரமா வரையுற கூட்டம்) ஓவியரோட படங்கள அமெரிக்காவுல கிழிச்சுப்போட்டாங்களாமே, நெசமாய்யா? – ஒரு வாசகி, திருமங்கலம்

ப: நெசந்தான்மா. ஆந்த்ரே மசோன், பிரெஞ்சுக்காரர். மனைவி யூதர்ங்கறதால நாஜி பயம் வேற, 1941ல பிரான்ஸோட மார்செய் துறைமுகத்துல கப்பலேறி நடுவுல கரீபியன் கடல்ல இருக்குற மார்த்தினிக் தீவுல கொஞ்சம் தங்கி அமெரிக்கா போய் எறங்குனா, கஸ்டம்ஸ்காரங்க பொட்டியத் தொறந்து ஆபாசம்னு சொல்லி அவர் கண்ணு முன்னாடியே டிராயிங்க கிழிச்சுட்டாங்க. (நம்மூரு தேர்ல இருக்குற மரச்சிற்பத்த அந்த ஆபீசர் பாத்திருக்கணும்!) மார்த்தினிக் காட்டப் பாத்து வரஞ்சது 1948ல சர்ரியலிஸ்ட் கூட்டத்துத் தலைவரான எழுத்தாளர் ஆந்த்ரே பிரெத்தோனோட சேந்து போட்ட புத்தகத்துல வந்துச்சு, அதத்தான் மொதல்ல பாருங்க. யோசிக்காம கை போன போக்குல கோடு இழுக்குற ஆட்டோமேட்டிக் டிராயிங் அவர் 1920கள்லயே பழகுனது, அமெரிக்காவுல ஜாக்சன் பொல்லாக் மாதிரி ஓவியருங்க அத நல்லாவே புடிச்சுக்கிட்டாங்க.