ஜூனியர் ஹொக்கி அணி ஐரோப்பாவிலிருந்து ஒரு டிபென்ஸ் ஆட்டக்காரரை எடுத்தால் எங்கள் பிள்ளையின் இடம் போய்விடுமா?

இந்தக் கேள்வியைச் சத்தமாக வாசித்தேன். மனைவி "தொடங்கியாச்சு" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையோடு மாடிக்குப் போய்விட்டா. எங்கள் வீட்டில் இந்தக் கதை அத்தனை தரம் ஓடியிருக்கிறது.

கேட்டவரின் மகனுக்குப் பதினாறு வயது. ஒன்ராறியோ ஹொக்கி லீக் அணி ஒன்று கடைசிச் சுற்றுகளில் அவனைத் தெரிவு செய்திருக்கிறது. இப்போது அதே அணி, வெளிநாட்டு ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்யும் இம்போர்ட் டிராஃப்டில் ஒரு ஐரோப்பிய டிபென்ஸ் பெடியனை எடுத்துவிட்டது, இது நியாயமா என்று கேட்கிறார். நீங்கள் எங்கள் ஆள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். விடிய ஐந்தரைக்கு அரீனா வாசலில் தேர்மொஸோடு நின்றிருப்பீர்கள், 300 டொலர் ஸ்டிக் இரண்டாம் நாளே முறிந்ததைப் பார்த்திருப்பீர்கள். இல்லையென்றால் இந்தக் கேள்வியில் இவ்வளவு சூடு இருக்காது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே வந்து இனவாதி என்று எழுதுவீர்கள். என் தம்பி சூரிச்சில் முப்பது வருடமாக இருக்கிறான், அவன் பிள்ளைகள் ஐரோப்பியர்தான். எனக்கு ஐரோப்பியரோடு ஒரு கோபமும் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது, அதைத்தான் சொல்லப்போகிறேன்.

இந்த இம்போர்ட் டிராஃப்ட் 1992 இலிருந்து நடக்கிறது. ஒன்ராறியோ, கியூபெக், மேற்கு என்று கனடாவின் மூன்று மேஜர் ஜூனியர் லீக்குகளுக்கும் பொதுவானது. என் மகன் காலத்தில் ஓர் அணிக்கு இரண்டு வெளிநாட்டவர்தான். இருந்ததே இரண்டு இடம் என்பதால் அணிகள் அதை வீணாக்கவில்லை. ஏஜென்ட்மாரோடு முன்கூட்டியே பேசி, வருவான் என்று தெரிந்த பிறகுதான் பெரும்பாலும் பெயரைச் சொல்வார்கள். இங்கே வந்தவர்களில் சாதாரண ஆட்களா இருந்தார்கள்? ஆறடி ஒன்பது அங்குல ஸ்டேனோ காரா ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து ஒரு சீசன் பிரின்ஸ் ஜோர்ஜில்தான் ஆடினார். வின்ட்சரில் ஆடிய ரஷ்யர் மிகயில் செர்காச்சொவ் வந்த முதல் சீசனிலேயே ஒன்ராறியோ லீக்கின் சிறந்த டிபென்ஸ் ஆட்டக்காரர் விருதை வாங்கினார். சாகினோவில் செக் நாட்டு ஃபிலிப் ஹ்ரோனெக். உள்ளூரில் கிடைக்காத ஒன்றைத் தேடித்தான் கடல் தாண்டிப் போகிறார்கள். வழக்கமாக ஆடும் ஆறு பேருக்கு அடுத்த ஏழாவது டிபென்ஸ் உள்ளூரில் தாராளமாகக் கிடைக்கும். என் மகன் அந்த ஏழாவது.

(கோல் காப்பாளர் பிள்ளையின் பெற்றோருக்கு எங்களைவிட அதிர்ஷ்டம். கனடியப் பெடியங்களுக்கு இடமில்லாமல் போகிறது என்று 2013 இல் ஐரோப்பியக் கோல் காப்பாளர்களை எடுப்பதற்கே தடை அறிவித்தார்கள். 2018 இல்தான் விலக்கினார்கள். டிபென்ஸுக்கு அப்படி அழ ஒருவரும் இல்லை.)

மகனைப் பன்னிரண்டாம் சுற்றில் எடுத்தார்கள். அடுத்த வருடம் ஓகஸ்ட் கடைசியில் முகாமுக்குப் போனோம். அணியின் பெயரைச் சொல்லமாட்டேன், இம்போர்ட் பெடியனின் நாட்டையும் சொல்லமாட்டேன். சொன்னால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள். முகாமில் ஒரு பெரிய மனிதர் என் தோளில் தட்டி, "உங்கள் மகனை எங்கள் ஆறு பேரில் ஒருவனாகப் பார்க்கிறோம்" என்றார். நான் அதை அப்படியே விழுங்கினேன். அதே ஆள் இரண்டு மாதத்துக்கு முன்புதான் இம்போர்ட் டிராஃப்டில் ஒரு பதினெட்டு வயது டிபென்ஸை எடுத்திருந்தார். அந்தப் பட்டியல் இணையத்தில் இருந்தது, நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே தெரியாது.

செப்டெம்பரில் தொலைபேசி வந்தது. "ஜூனியர் ஏ-யில் நிறைய ஆடட்டும், தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம்." அது ஒரு படி கீழே உள்ள லீக். மகன் "சரி" என்றான். நான்தான் கராஜுக்குள் போய் ஹொக்கிப் பையை உதைத்துக் காலை நோகப்பண்ணிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது பெருமையான காரியம் இல்லை. மகன் இல்லாத அணியின் ஆட்டங்களுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன், அந்தப் பெடியன் சறுக்கி விழுகிறானா என்று பார்க்க. விழுந்தான். இங்கே ரிங்கின் அகலம் 85 அடி. அவன் வளர்ந்த ரிங்குகள் 30 மீட்டர், 98 அடிக்கு மேல் வரும். அந்தப் பதின்மூன்று அடி தொலைக்காட்சியில் தெரியாது, டிபென்ஸுக்குத்தான் தெரியும். அங்கே பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை) எடுத்துத் தலையை நிமிர்த்திப் பார்க்க ஒரு மூச்சு நேரம் இருக்கும். இங்கே கோலுக்குப் பின்னால் பக்கைத் தொடும்போதே ஒருவன் முதுகில் ஏறிவிடுவான். முதல் மாதம் அவனை மூலைக்கு மூலை பலகையோடு சேர்த்து அடித்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒவ்வொரு தடவையும் "அடக் கடவுளே" என்பார். நான் வாய் திறக்கவில்லை. உள்ளுக்குள் என்ன இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

நவம்பரில் அந்தப் பெடியனின் ஆட்டம் மாறியது. பக்கிடம் போக முதலே இரண்டு தரம் தோளுக்கு மேலால் பார்ப்பான். எதிராளி வருகிற பக்கத்தைக் கணக்குப் பண்ணி, ஒரு தொடுகையில் மற்ற டிபென்ஸுக்குத் தட்டிவிடுவான். அடிக்க வருகிறவன் வெறும் பலகையை அடித்துவிட்டுப் போவான். அதைப் பார்த்த அன்றைக்குத்தான், என் மகனால் இன்னும் இது முடியாது என்று எனக்குத் தெரிந்தது. அவனிடம் சொல்லவில்லை. அவன் எனக்கு முதலே தெரிந்துவைத்திருந்தான் என்று பிறகு சொன்னான்.

இதற்கிடையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஆட்கள் சாமத்தியவீடு, பிறந்தநாள், ஐம்பதாவது பிறந்தநாள், அறுபதாவது பிறந்தநாள் எல்லாவற்றையும் ஏன் சனிக்கிழமை பின்னேரமே வைக்கிறீர்கள்? ஹொக்கியும் சனிக்கிழமைதான். ஆறு வருடம் நாங்கள் ஒரு மண்டபத்துக்கும் ஒழுங்காகப் போகவில்லை. காசை மட்டும் என்வலப்பில் போட்டு அனுப்புவோம், அதற்கும் கதை. மனைவியின் சித்தப்பா ஒருவர் மகனுக்கு முன்னாலேயே சொன்னார்: "உந்த ஐஸ் விளையாட்டு எங்கட ஆக்களுக்குச் சரிவராது, சும்மா காசைக் கரியாக்கிறியள்." மகன் அணியிலிருந்து வெட்டுப்பட்ட செய்தி எங்களுக்கு வந்த அன்று இரவே அவருக்கும் எப்படியோ போய்விட்டது. அடுத்த நாள் விசாரிக்கக் கூப்பிட்டார். அந்தக் குரலில் இருந்த திருப்தி இன்னும் காதில் இருக்கிறது. சரி, விடுவோம்.

டிசம்பர் நடுவில் தொலைபேசி மறுபடி வந்தது. உலக ஜூனியர் சுற்றுப்போட்டி வழக்கமாக டிசம்பர் 26 இல் தொடங்கும். நல்ல இம்போர்ட் என்றால் அவன் நாடு கூப்பிடும். இரண்டு மூன்று கிழமைக்கு ஆள் இருக்கமாட்டான், லீக் ஆட்டங்களோ நிற்காது. அந்த ஓட்டையை அடைக்க ஜூனியர் ஏ-யிலிருந்து இணைப்பு ஆட்டக்காரர்களை எடுப்பார்கள். அதாவது, அவன் வந்ததால் போன இடம் அவன் போனதால் வந்தது. மகன் அந்த லீக்கில் ஆடிய ஆட்டங்கள் எல்லாமே அந்தப் பெடியன் நாட்டுக்கு ஆடப்போன நாட்களில்தான். முதல் தடவை பக்கைத் தொட்டபோது பதற்றத்தில் கண்ணாடிக்கு மேலால் வெளியே அடித்து இரண்டு நிமிடத் தண்டனை வாங்கினான். நான் எழும்பி நின்று கை தட்டினேன். பக்கத்துக் கிழவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

மனைவி மாடிக்குப் போனதற்கான காரணம் இனித்தான் வருகிறது.

அந்தக் காலத்து விதிப்படி, கனடிய மேஜர் ஜூனியரில் ஆடியவனை அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கம் தொழில்முறை ஆட்டக்காரனாகத்தான் கணக்கெடுக்கும். ஒரேயொரு ஆட்டம் ஆடினாலும் சிக்கல்தான். மேன்முறையீடு, ஒதுங்கி இருக்கும் காலம் என்று கிட்டத்தட்ட வழி மூடிவிடும். ஜூனியர் ஏ-யில் இருந்துகொண்டு அமெரிக்கப் புலமைப்பரிசிலுக்குக் காத்திருப்பது என்பது மனைவியின் திட்டம். ஒரு பயிற்சியாளர் எங்கள் மகனைப் பற்றி இரண்டு மின்னஞ்சல்கூட அனுப்பியிருந்தார். தொலைபேசி வந்த அன்று அவ கேட்டது ஒரு கேள்விதான்: "நாலு மட்சுக்காகவோ?" நான் காரை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு நின்றேன். மகனுக்குப் பதினேழு வயது, அவன் வேறென்ன சொல்வான்? அதற்குப் பிறகு அந்த அமெரிக்கப் பயிற்சியாளரிடமிருந்து ஒரு வரி வரவில்லை. ஒருவரும் என் கழுத்தில் துவக்கு வைத்து ஓட்டச் சொல்லவில்லைதான், தெரியும், பின்னூட்டத்தில் எழுதத் தேவையில்லை.

இப்போது அந்த விதி இல்லை. 2024 நவம்பரில் மாற்றினார்கள், 2025 ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து மேஜர் ஜூனியர் பிள்ளைகளும் அங்கே போகலாம். என் மகன் ஒஷாவாவில் எலெக்ட்ரீஷியன் லைசன்ஸ் எடுத்து வேலை செய்துகொண்டிருக்கும்போது அந்தச் செய்தி வந்தது. அன்று இரவு எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் பெரிதாகப் பேச்சு இருக்கவில்லை.

ஆகவே உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இம்போர்ட் பெடியனின் பிறந்த வருடத்தைப் பாருங்கள். பதினெட்டு என்றால் இரண்டு மூன்று சீசனில் போய்விடுவான், உங்கள் மகனுக்கு அப்போதுதான் சரியான வயது. பதினாறில், அதுவும் கடைசிச் சுற்றில் எடுத்தவனுக்கு, இந்த வருடம் இடமே இருந்திருக்காது. யார் வந்தாலும் வராவிட்டாலும். மனேஜரிடம் "என் மகனைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்" என்று கேட்காதீர்கள், எல்லாரிடமும் நல்லதாகத்தான் சொல்வார். "டிபென்ஸில் எத்தனை பேர் கையெழுத்து வைத்திருக்கிறார்கள், டிசம்பரில் இம்போர்ட் போனால் யாரைக் கூப்பிடுவீர்கள்" என்று கேளுங்கள். அதற்குப் பெயர் சொல்லித்தான் ஆகவேண்டும். அப்புறம், தாய் ஒரு கேள்வி கேட்டால் காரை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

அந்தப் பெடியன் ஜனவரியில் திரும்பி வந்தான். மகன் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது வந்து, என் இடத்தைச் சூடாக வைத்திருந்தாயா என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டானாம். இருவரும் இன்னும் ஃபோனில் ஏதோ அனுப்பிக்கொள்வார்கள். அவன் தன் நாட்டு லீக்கில்தான் ஆடுகிறான், வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்கான என்.எச்.எல் வரை போகவில்லை. இதை நான் சந்தோஷத்தோடு எழுதவில்லை என்பதை நம்புங்கள்.

மகன் இதை வாசித்தால் "நாலு இல்லை அப்பா, மூன்று. நாலாவதில் பெஞ்சை விட்டு இறங்கவே இல்லை" என்பான். ஆட்டத் தாளில் பெயர் இருந்தது. நான் நாலு என்றுதான் எண்ணுவேன்.