ஒரு படிவத்தில் ஓர் இனம், மறு படிவத்தில் வேறு இனம்: என் மகள் பொய் சொல்கிறாளா?

உங்கள் மகள் பள்ளிப் படிவத்தில் ஒன்றும் வீட்டில் நிரப்பிய படிவத்தில் இன்னொன்றும் எழுதியதைப் பார்த்துக் கலங்கி, இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். அவள் பொய் சொல்லவில்லை. தயவுசெய்து அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். நான் அந்தத் தவறைச் செய்தவள்.

நான் மதுரைக்காரி. கணவர் மெக்சிகோ வழியினர். டெக்சாஸில் வசிக்கிறோம். எங்கள் மகனின் பள்ளிப் படிவம் முதலில் "ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோவா?", அதாவது மெக்சிகோ போன்ற லத்தீன் அமெரிக்க நாடுகளின் அல்லது ஸ்பானியப் பண்பாட்டின் வழியினரா என்று கேட்டது, ஆம் என்றான். அடுத்து இனம் கேட்டது. ஆசியர் என்று குறித்தான். அதே ஆண்டு ஒரு கோடைக்கால முகாமின் படிவத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கேள்வி, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னது. லத்தீனோ என்று குறித்தான். "அப்படியானால் நான் யார்?" என்று கோபித்துக்கொண்டேன். "ஒன்றுதான் கேட்டார்கள், அம்மா. அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்" என்றான். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

1994-95இல் அமெரிக்காவில் ஏழு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளைகளிடம் 'ஆட் ஹெல்த்' என்ற பெரிய ஆய்வு தொடங்கியது. பள்ளியில் அவர்களே தாளில் எழுதினார்கள். வீட்டில் ஆள் வந்து கேட்டார். இனம் பற்றிய கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பள்ளியில் 6.8 விழுக்காட்டினர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைச் சொன்னார்கள், வீட்டில் 3.6 விழுக்காட்டினர். இரண்டு இடத்திலும் அப்படிச் சொன்னவர்கள் 1.6 விழுக்காடுதான். கேள்வி மாறாதபோதே, இடமும் கேட்கும் ஆளும் மாறியதற்கு இத்தனை வேறுபாடு! சொற்களும் கட்டங்களும் மாறினால் கேட்கவே வேண்டாம்.

நாட்டு மக்கள் அனைவரின் கணக்கும் இப்படித்தான். 2010 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பல இனத்தவர் சுமார் 90 லட்சம். 2020இல் 3 கோடியே 38 லட்சம். பத்தே ஆண்டில் இத்தனை பேர் பிறந்துவிடவில்லை. 2020 படிவத்தில் வெள்ளையர், கறுப்பர் கட்டங்களுக்குக் கீழேயும் பூர்வீகத்தை எழுத இடம் விட்டார்கள், எழுதியதை முன்பைவிடக் கூடுதலாகப் பதிவு செய்து இனக் கணக்கில் சேர்த்தார்கள். உயர்வுக்குப் பெரும்பாலும் அதுவே காரணம் என்று கணக்கெடுப்புத் துறையே சொன்னது.

என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. பள்ளிகள் அமெரிக்க மத்தியக் கல்வித்துறைக்குக் கணக்கு அனுப்பும்போது, ஹிஸ்பானிக்கா என்ற முதல் கேள்விக்கு ஆம் என்ற பிள்ளை, இனத்தில் எதைக் குறித்திருந்தாலும் ஹிஸ்பானிக் என்று மட்டுமே எண்ணப்படுவான். 2007இல் வகுத்த விதி அது. என் மகன் தன் கையால் குறித்த 'ஆசியர்' அந்த எண்ணிக்கையில் இல்லவே இல்லை. நானோ முகாம் படிவத்துக்காக அவனிடம் கோபித்துக்கொண்டிருந்தேன்.

2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட புதிய விதி இரு கேள்விகளையும் ஒன்றாக்கி, பொருந்துவன எல்லாவற்றையும் குறிக்கச் சொல்கிறது. உங்கள் மகள் நிரப்பிய இரண்டு படிவங்களையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பதிலை விட்டுவிட்டுக் கேள்விகளை மட்டும் வாசித்துப் பாருங்கள்.